எண்ட்கேம்: கேப்டன் அந்த பெஞ்சுக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

கடலைமிட்டாய், மே 3, இரவு 9.40

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' திரும்பப் பார்த்தேன். ப்ரூஸ் பேனர் தெளிவாச் சொல்றார், கடந்த காலத்துக்குப் போய் எதை மாத்தினாலும் நம்ம நிகழ்காலம் மாறாதுன்னு. தானோஸ் ஒரே சொடக்குல அழிச்ச பாதிப் பேரை மீட்க அவெஞ்சர்ஸ் கடந்த காலத்துக்குப் போய் ஆறு முடிவிலிக் கல்லையும் எடுத்துட்டு வந்தாங்க. அப்படின்னா கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ரோஜர்ஸ் கல்லையெல்லாம் திருப்பி வச்சுட்டு பழைய காதலி பெக்கி கார்ட்டரோட குடும்பம் நடத்தினது வேற ஒரு காலக்கோட்டுல. அப்புறம் கிழவரா நம்ம ஏரிக்கரை பெஞ்சுல எப்படி வந்து உட்கார்ந்தார்? காலப் பயண மேடை வழியா வரவே இல்லையே. அப்பட்டமான லாஜிக் ஓட்டைதானே? முட்டுக் கொடுக்காம பதில் சொல்லுங்க.

நாலாம்வரிசை, மே 3, இரவு 10.25

முட்டுக் கொடுக்கத் தேவையே இல்லை. எல்லாரும் கடைசிக் காட்சியையே ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது 2012 நியூயார்க் காட்சியின் முடிவு.

வெளிக் கல் இருக்கிற டெஸராக்டை லோகி தூக்கிக்கொண்டு மறைந்துவிடுகிறான். டோனி, ஸ்டீவ், ஸ்காட் மூவரும் நொந்துபோய் இருக்கிறார்கள். காலம் தாவ ஒவ்வொரு தடவையும் ஒரு குப்பி பிம் துகள் செலவாகும். ஆளுக்கு ஒரே ஒரு பிம் துகள் குப்பி, அதுவும் ஊர் திரும்ப வைத்திருப்பது. ஸ்காட் மனக் கல் உள்ள செங்கோலோடு 2023க்குத் திரும்ப வேண்டும் என்று முடிவாகிறது. மற்ற இருவரும் மணிக்கட்டுப் பட்டையில் காலத்தை மாற்றி வைத்து 1970க்குக் கிளம்புகிறார்கள். போய் இறங்குவது நியூ ஜெர்சியில் லீஹை ராணுவ முகாம்.

அந்தத் தெருவில் மேடை இருந்ததா? லீஹையில் இருந்ததா? இரண்டு இடத்திலும் இல்லை. பட்டையும் ஒரு குப்பியும் போதும், எங்கிருந்தும் எங்கேயும் தாவலாம் என்பதைப் படம் நம் கண்ணெதிரே காட்டிவிட்டது. மேடையின் வேலை வேறு: 2023லிருந்து முதல் தாவலுக்கு வழி திறப்பது, வெவ்வேறு காலத்துக்குப் போனவர்களை ஒரே நொடியில் ஒரே இடத்துக்கு இழுத்து வருவது. ஸ்டீவ் தன் பட்டையை ஏரிக்கரைக்கு, சில நிமிடம் முன்னதாக, வைத்துக்கொண்டு நேரே வந்து இறங்கியிருக்கலாம். விதி எதுவும் உடையவில்லை.

நாலாம்வரிசை, மே 3, இரவு 10.50

இன்னொன்று. ஐந்து நொடி கழித்து ஸ்டீவ் வராதபோது ப்ரூஸ் பதறிக்கொண்டு என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். குறித்து வைத்த நேரத்தைத் தாண்டிப் போய்விட்டார், இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்கிறார். கருவி பழுது என்று சொல்லவில்லை. ஆளே வேண்டுமென்று வராமல் போனதற்கு இது பொருந்துகிறது. ஸ்டீவின் பால்ய நண்பன் பக்கி முகத்தில் பதற்றமே இல்லாததும் அதனால்தான். கிளம்பும் முன்பே அவனிடம் விடைபெற்றாயிற்று.

கரிசல்காடு, மே 4, காலை 7.15

அண்ணே, கதை எழுதினவங்களே வேற மாதிரி சொல்லியிருக்காங்க. மார்கஸ், மெக்ஃபீலி ரெண்டு பேரும் ஸ்டீவ் எப்பவுமே நம்ம காலக்கோட்டுலதான் இருந்தார், பெக்கியோட புருஷன் அவர்தான்னாங்க. இயக்குநர்கள் ரூஸோ சகோதரர்கள்தான் வேற காலக்கோடுன்னாங்க. எழுதினவன் சொல்றதைத்தானே எடுத்துக்கணும்?

நாலாம்வரிசை, மே 4, காலை 8.30

எழுதியவர் பேட்டியில் சொல்வதும் படத்தில் இருப்பதும் மோதினால் நான் படத்தின் பக்கம். இருந்தாலும் எழுத்தாளர்கள் தரப்பு வாதம் லேசானதில்லை, அதை முழுசாக வைத்துப் பார்ப்போம்.

அவர்கள் பிடித்துக்கொள்வது காலக் கல்லைக் காக்கிற மந்திரவாதி ஏன்ஷியன்ட் ஒன் பேச்சை. கல்லை எடுத்தால் காலம் கிளை பிரியும், எடுத்த நொடியிலேயே திருப்பி வைத்தால் கிளை அழியும் என்று ப்ரூஸிடம் சொல்கிறார். ஆகவே கிளை பிரிவது கல்லால் மட்டும். ஒரு மனிதன் சத்தம் போடாமல் போய் வாழ்ந்தால் கிளை பிரியாது. இதுதான் அவர்கள் கணக்கு. படத்தில் காட்டுகிற நான்கு காலத்திலும் கல் எடுக்கிறார்கள் என்பதும் உண்மை: 2012இல் காலம், மனம், 2013இல் யதார்த்தம், 2014இல் சக்தி, ஆன்மா, 1970இல் வெளி. கல்லைத் தொடாத பயணம் எதுவுமே இல்லாததுபோலத் தெரியும்.

ஒன்று இருக்கிறது. க்ளின்ட்டின் (ஹாக்ஐ) சோதனை ஓட்டம். தன் பண்ணை வீட்டுக்குப் போகிறான், மகள் லைலாவின் குரல் கேட்கிறது, கதவைத் தொடுவதற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மேடையில் விழும்போது கையில் ஒரு பேஸ்பால் கையுறை. பழைய தோல் கையுறை, வீட்டிலிருந்து எடுத்தது. கல் இல்லாமல் ஒரு பொருள் காலம் தாண்டி வந்திருக்கிறது! அந்த வீட்டில் அன்றைக்கு அந்தக் கையுறை காணாமல் போயிருக்கும். ஒரே கோடு என்றால் க்ளின்ட் குடும்பம் வருஷக்கணக்காக அதைத் தேடியிருக்க வேண்டும். அதற்குப் படத்தில் சாட்சி இல்லை, மறுப்பும் இல்லை. ஆகவே கையுறையை வைத்து வழக்கை முடிக்க முடியாது. ஆனால் கல் மட்டுமே காலத்தைத் தொடும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

உண்மையான சாட்சி பெக்கி. 'வின்டர் சோல்ஜர்' படத்தில் ஸ்மித்சோனியன் கண்காட்சியில் ஒரு பழைய பேட்டி ஓடும், 1953 என்று போட்டிருக்கும். ஸ்டீவ் போரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார், பின்னாளில் தன் கணவரானவரும் அதில் ஒருவர் என்கிறாள். ஸ்டீவையே கணவராக வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றச் சொன்ன பொய் என்று வாதாடலாம். சரி, வைத்துக்கொள்வோம். அதே படத்தில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஸ்டீவிடம் நேருக்கு நேர் சொல்கிறாளே: நான் என் வாழ்க்கையை வாழ்ந்துவிட்டேன், நீ உன் வாழ்க்கையை வாழாமல் போனதுதான் என் ஒரே வருத்தம் என்று. நினைவு தப்புவதற்கு முன், தெளிவாக இருக்கும்போது சொல்கிறாள். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கூட வாழ்ந்த கணவனின் இளமை முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒருத்திக்கு என்ன காரணம் இருக்க முடியும்? அங்கே வேறு யாருமே இல்லை, நடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

எழுத்தாளர்கள் சொல்வதை ஏற்றால் அந்தப் படத்தின் மிக நல்ல காட்சி ஒன்று பொய்யாகிவிடும். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

கடலைமிட்டாய், மே 4, காலை 9.05

பெக்கியை அத்தைன்னு கூப்பிடுற ஷாரன் கார்ட்டரை மறந்துட்டீங்க. 'சிவில் வார்'ல முத்தம் கொடுத்தாரே. ஒரே கோடுன்னா அவர் சொந்த மாமா முறை ஆகுறார். இதுக்காகவே வேற காலக்கோடுன்னு ஒத்துக்கிறேன்!

நாலாம்வரிசை, மே 4, காலை 9.20

அது ஒன்றே போதும்.

ராத்திரிக்காட்சி, மே 4, மாலை 6.10

நீங்க ரெண்டு பேரும் காலக்கணக்குலயே நிக்கிறீங்க. எனக்குக் கேள்வி ஆளைப் பத்தி. ஸ்டீவ் அப்படிப் போனதே குணத்துக்கு ஒட்டலை. பக்கிக்காக அவெஞ்சர்ஸைக் கட்டுப்படுத்துற 117 நாட்டு ஒப்பந்தத்தையே எதிர்த்தவர், அவனை விட்டுட்டுப் போவாரா?

நாலாம்வரிசை, மே 4, இரவு 8.45

இழையின் சரியான கேள்வி இதுதான். காலக்கோட்டுச் சண்டைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

ஸ்டீவின் குணத்தை 'சிவில் வார்' ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. தப்பான திசையில் ஒன்று போவதைப் பார்த்தால் தன்னால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது, முடிந்தால் நன்றாக இருக்குமே என்று சில நேரம் தோன்றும் என்று டோனியிடம் சொல்கிறார். இந்த மனிதர் ஓய்வெடுக்கலாம். பெக்கியோடு ஆடலாம். 1945இல் விமானத்தோடு பனிக்கடியில் போய்த் தொலைத்த வாழ்க்கையை எடுத்துக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. பக்கியை விட்டுவிட்டார் என்பதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் 2023இல் பக்கி விடுதலையான மனிதன். அவனை அடிமையாக்கிய ஹைட்ரா என்ற வில்லன் கூட்டம் அவன் மண்டையில் வைத்த கட்டளைச் சொற்களை வகாண்டாவில் அழித்தாயிற்று. அவனுக்கு இனி காவல் வேண்டாம்.

ஆனால் ஸ்டீவ் போகிற காலத்தில் இன்னொரு பக்கி இருக்கிறான். போர் முடிந்து சில வருஷம்தான் ஆகிறது. ஹைட்ரா பிடியில், கை போய், மூளை கழுவப்பட்டுக்கொண்டிருக்கிறான். ஷீல்டு உளவு அமைப்புக்குள் ஹைட்ரா விஞ்ஞானி ஸோலா ஹைட்ராவைத் திரும்ப வளர்க்கிறான். 1991 டிசம்பர் 16 இரவு, ஒரு தெருவில், அந்தப் பக்கி கையாலேயே ஹோவர்ட் ஸ்டார்க்கும் மரியாவும் சாவார்கள். இதெல்லாம் ஸ்டீவுக்குத் தேதியோடு தெரியும். டோனியின் இறுதிச்சடங்கிலிருந்து நேரே வந்த மனிதர் டோனியின் அப்பா அம்மா சாவை வேடிக்கை பார்ப்பாரா?

எழுத்தாளர்கள் சொல்கிற ஒரே கோட்டில் அவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. தொட்டால் நாம் பார்த்த படங்கள் நடக்காது. நாற்பது வருஷத்துக்கு மேல் பக்கியின் சித்திரவதையைத் தெரிந்துகொண்டே தோட்ட வேலை பார்த்த ஒரு ஸ்டீவ் ரோஜர்ஸை நான் ஏற்கவே மாட்டேன். கிளைக் கோட்டில் அந்தத் தடை இல்லை. பக்கியை மீட்கலாம், ஸோலாவைப் பிடிக்கலாம், பனிக்கடியில் கிடக்கிற இன்னொரு ஸ்டீவைக்கூடத் தோண்டி எடுக்கலாம்.

ஆக இரண்டு விளக்கமும் கணக்குக்கு ஒருவேளை ஒத்துவரலாம். ஸ்டீவ் என்ற மனிதருக்கு ஒத்துவருவது ஒன்றுதான். பாத்திரத்தைக் காப்பாற்றுகிற விளக்கமே சரியான விளக்கம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராத்திரிக்காட்சி, மே 4, இரவு 9.30

பனிக்கடி ஸ்டீவைத் தோண்டி எடுத்தா பெக்கிக்கு ரெண்டு புருஷன். அந்தப் பஞ்சாயத்தை யார் தீர்க்கிறது?

நாலாம்வரிசை, மே 4, இரவு 9.40

அதற்குத் தனிப் படமே எடுக்கலாம். எனக்குத் தெரிந்து ஸ்டீவ் தன்னையே தானே உறையவிட்டு வைத்திருக்க மாட்டார். எவ்வளவு சங்கடமானாலும் தோண்டியிருப்பார்.

கரிசல்காடு, மே 5, மதியம் 1.20

பிம் துகள் கணக்கு எங்கயோ உதைக்குதே. ஆளுக்கு ஒரு தடவை போய் வரத்தான் இருக்குன்னு ஸ்காட் சொன்னார். ஸ்டீவ் ஆறு கல்லையும் தனியா வைக்கப் போனார்னா எத்தனை தாவல்? குப்பிக்கு எங்க போனார்?

நாலாம்வரிசை, மே 5, மதியம் 2.45

எண்ணிப் பார்த்துவிடலாம்.

முதல் பயணத்துக்கு முன்னால் கையிருப்பு: பத்துப் பேருக்குப் போக ஒன்று, வர ஒன்று. அதோடு இரண்டு சோதனை ஓட்டத்துக்கு. அதில் ஒன்றை ஸ்காட் கை தவறி அமுக்கி வீணாக்குகிறார், சட்டென்று சுருங்கி விரிகிறார். மற்றது க்ளின்ட்டுக்குப் போகிறது. ஆகக் கிளம்பும்போது பத்துப் பேருக்குச் சரியான அளவு, உபரி பூஜ்யம். டோனியும் ஸ்டீவும் திரும்ப வைத்திருந்த குப்பியை 1970க்குப் போகச் செலவழித்துவிடுகிறார்கள். அதனால்தான் லீஹையில் இரண்டு வேலை: டோனி டெஸராக்டைத் தேட, ஸ்டீவ் போன் போட்டு ஹாங்க் பிம்மை அறையைவிட்டு வெளியே கிளப்பி, அங்கிருந்த குப்பிகளை எடுக்கிறார். இதுவரை கணக்கு இறுக்கமாகவே நிற்கிறது.

கடைசிப் பயணம் எப்படிப் போனாலும் குறைந்தது ஏழு தாவல்: 1970, 2012, 2013, 2014 மொராக், 2014 வோர்மிர், பெக்கி வீடு, திரும்ப ஏரிக்கரை. குப்பி எங்கிருந்து என்றால், டோனி இறுதிச்சடங்கில் வரிசையாக நிற்கிறவர்களைப் பாருங்கள். ஸ்காட், ஹோப் பக்கத்தில் ஜானட், ஹாங்க் பிம். துகளைக் கண்டுபிடித்த மனிதரே உயிரோடு திரும்பிவிட்டார். பஞ்சம் அன்றைக்கே தீர்ந்தது.

மொராக், வோர்மிர் இரண்டுக்கும் இடையில் ஸ்டீவிடம் கப்பல் இல்லையே என்று அடுத்து கேட்பீர்கள். நடாஷாவும் க்ளின்ட்டும் முதலில் மொராக்கில் இறங்கி அங்கிருந்து பெனட்டார் கப்பலில்தான் வோர்மிருக்குப் போனார்கள். ஆனால் க்ளின்ட் வோர்மிரிலிருந்து நேரே 2023 மேடைக்குத் தாவி வந்தான். அந்த இடமும் நேரமும் அவன் பட்டையில் பதிவாகியிருக்கும் என்பது என் ஊகம். ஸ்டீவுக்கு அந்தப் பதிவு போதும்.

கடலைமிட்டாய், மே 5, மாலை 4.00

அப்போ பெனட்டார் வோர்மிர்லயே நின்னுடுச்சா? கடைசில தோர் கார்டியன்ஸ் கூட அதுலதானே ஏறிப் போறார்!

நாலாம்வரிசை, மே 5, மாலை 4.35

கிளம்பும் முன் சுருங்கின பெனட்டார் க்ளின்ட் கையில் பொம்மை மாதிரி இருக்கும். அதை உடைக்காமல் திருப்பிக் கொண்டுவருவாயா என்று ராக்கெட் கேட்பான், க்ளின்ட் பட்டும் படாமல் பார்க்கலாம் என்பான், இதெல்லாம் ஒரு வாக்குறுதியா என்று ராக்கெட் குறைபட்டுக்கொள்வான். சிரிப்புக்கு வைத்த வசனம் மாதிரி இருக்கும், ஆனால் கப்பலைச் சுருக்கியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற ஏற்பாடு அதில்தான் இருக்கிறது. நடாஷாவைப் பறிகொடுத்தவன் கப்பலைச் சுருக்கிப் பைக்குள் போடுவதை இயக்குநர்கள் காட்டாமல் விட்டதும் நல்லதுதான்.

ராத்திரிக்காட்சி, மே 6, இரவு 11.10

நான் ஒண்ணு வைக்கிறேன், இதுக்கு உங்களால பதில் சொல்ல முடியாது. 2014 தானோஸ் அவ்வளவு பெரிய கப்பலை 2023க்கு எப்படிக் கொண்டாந்தான்? பிடிபட்ட நெபுலாகிட்ட இருந்தது ஒரே குப்பி. அதைப் பழைய நெபுலா வர்றதுக்கே செலவு பண்ணியாச்சு.

நாலாம்வரிசை, மே 7, காலை 6.50

இந்தப் படத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான், ஒப்புக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் படத்துக்குள் ஏதாவது ஒரு காட்சி சாட்சிக்கு வரும், இதற்கு வராது. பழைய நெபுலா மேடையை இயக்கி வழி திறக்கிறாள், கப்பல் மேலே பிளந்துகொண்டு வருகிறது. நடுவே துகள் எங்கிருந்து வந்தது என்று ஒரு வசனம்கூட இல்லை.

இருந்த ஒரே குப்பியை நகல் எடுத்தார்கள் என்பதுதான் சாத்தியமான வழி. தானோஸின் கையாள் எபோனி மா கூட இருக்கிறான், அறிவுக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக வருகிற ஆட்சேபம்: 'ஆன்ட் மேன்' படத்தில் டேரன் கிராஸுக்கு வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அந்தத் துகளை ஒருவழியாகச் செய்ய வந்தது, தானோஸ் கூட்டத்துக்குச் சில மணி நேரத்தில் எப்படி வரும்?

சில மணி நேரம் என்று யார் சொன்னது? மற்ற காட்சிகளுக்கு நடுவே குறுக்கே வெட்டிக் காட்டுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. எல்லாரும் ஒரே நொடியில் மேடைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. 2014இல் பத்து நாள் எடுத்துக்கொண்டாலும் பத்து வருஷம் எடுத்துக்கொண்டாலும் பழைய நெபுலா வந்து நிற்பது அதே நொடியில்தான். காலப் பயணம் செய்கிறவனுக்கு அவசரமே கிடையாது. குப்பியை முதலில் நகல் எடுத்து, கப்பலுக்குப் போதுமான அளவு செய்துகொண்டு, பிறகுதான் நெபுலாவை அனுப்பினான் என்று வைத்தால் எல்லாம் பொருந்தும்.

பொருந்தும் என்பதால் ஓட்டை இல்லை என்று ஆகாது. எபோனி மா அந்தக் குப்பியை விளக்கு வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற மூன்று நொடிக் காட்சி போதும், இந்தக் கேள்வியே எழாது. 181 நிமிடப் படத்தில் அந்த மூன்று நொடிக்கு இடமில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ராத்திரிக்காட்சி, மே 7, காலை 7.30

பத்து வருஷ யோசனை நல்லாருக்கு. ஆனா கமோராவுக்கும் சிறைப்பட்ட நெபுலாவுக்கும் நடக்கிற பேச்சைப் பாத்தா அதிக நாள் போன மாதிரி தெரியலை.

நாலாம்வரிசை, மே 7, காலை 7.55

சரியான பாயின்ட். பத்து வருஷம் வேண்டாம், சில வாரம் போதும். ஆனால் அந்த இரண்டு பெண்களும் எவ்வளவு நாள் ஒரே கப்பலில் இருந்தார்கள் என்பதற்கும் படத்தில் அளவு இல்லை.

கடலைமிட்டாய், மே 7, இரவு 8.20

சின்னச் சின்னக் கேள்வி. க்வில் டைட்டன் கிரகத்துல தானோஸை அடிச்சது முட்டாள்தனம்தானே? தோர் தலையை வெட்டாம நெஞ்சுல கோடாலியை இறக்கினது? ஸ்ட்ரேஞ்ச் மாயவாசலை மூடி தானோஸ் கையை வெட்டாதது? 'இன்ஃபினிட்டி வார்'ல வாங் அப்படித்தானே ஒருத்தன் கையை வெட்டினார்?

நாலாம்வரிசை, மே 7, இரவு 9.15

க்வில் செய்தது தவறு, ஆனால் க்வில் செய்யக்கூடியது. அம்மாவைக் கொன்றேன் என்று வாயால் சொன்ன ஈகோவை அடுத்த நொடியே சுட்டவன் அவன், 'கார்டியன்ஸ்' இரண்டாம் பாகத்தில். கமோரா செத்தாள் என்று கேட்டதும் யோசித்து நின்றிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். இது பாத்திரத்தின் குறை, கதையின் குறை இல்லை. இரண்டையும் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

தோரும் அப்படித்தான். தம்பியையும் ஹெய்ம்டாலையும் பாதிக் குடியையும் கண் முன்னால் இழந்தவன், தானோஸ் வலியோடு தன் முகத்தைப் பார்த்துச் சாக வேண்டும் என்று நினைத்தான். நெஞ்சில் இறக்கினது பழி வாங்க. அந்த ஆசையின் விலையைத்தான் 'எண்ட்கேம்' முழுக்க வயிற்றோடு சுமக்கிறான்.

ஸ்ட்ரேஞ்ச் விஷயம் வேறு. 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்த்து ஒன்றில்தான் ஜெயிப்போம் என்கிறார். கையை வெட்டுகிற எதிர்காலமும் அதில் இருந்திருக்கும், தோற்றிருக்கும் என்று ஒரே அடியில் வாயடைத்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. எந்தக் கேள்வி கேட்டாலும் இதையே சொல்லலாம் என்றால் அது பதிலே இல்லை. உருப்படியான பதில்: வாங் வெட்டினது தானோஸின் அடியாள் 'கல் அப்ஸிடியன்' (Cull Obsidian) கையை, அதில் முடிவிலிக் கல் எதுவும் இல்லை. டைட்டனில் தானோஸ் கையில் நான்கு கல், வெளிக் கல்லும் அதில் ஒன்று. மாயவாசல் வெளியைக் கிழித்துச் செய்வது. அந்தக் கல் வைத்திருப்பவன் மேல் அது பலிக்கும் என்று நம்ப முகாந்திரம் இல்லை.

கரிசல்காடு, மே 8, காலை 10.00

தமிழ் டப்பிங்ல பாத்தவங்களுக்கு இந்த விதியெல்லாம் புரிஞ்சுதா? எனக்கு டோனிக்கு விஜய் சேதுபதி குரல் பழகறதுக்குள்ளயே படம் முடிஞ்சிருச்சு.

நாலாம்வரிசை, மே 8, காலை 10.40

குரல் சண்டை 2019லேயே ஊர் முழுக்க நடந்தது, அதை இங்கே திறக்க வேண்டாம். விதி புரிய வேண்டுமென்றால் பேசுகிறவர் யார் என்று பார்க்காமல் இரண்டே இரண்டு இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: ரோடியும் ஸ்காட்டும் பழைய சினிமாக்களைச் சொல்லி வாதாடும்போது ப்ரூஸ் மறுக்கிற இடம், கூரை மேல் ஏன்ஷியன்ட் ஒன் காற்றில் கோடு வரைந்து காட்டுகிற இடம்.

நாலாம்வரிசை, மே 9, இரவு 10.05

மேலே கல்லைத் திருப்பி வைப்பதை ஏழு தாவல் என்று எண்ணிவிட்டுக் கடந்துவிட்டோம். வைக்கிற வேலைதான் கஷ்டம்.

ஸ்டீவ் பெட்டியில் எடுத்துப் போனது ஆறு வெறும் கல். எடுக்கும்போது அவை வெறும் கல்லாக இல்லை. மனக் கல் செங்கோலுக்குள், நீல உறைக்குள் இருந்தது. 2012இல் அதைச் சிட்வெல் கூட்டத்திடமிருந்து லிப்ட்டில் வைத்துக் காதோடு 'ஹெயில் ஹைட்ரா' சொல்லி வாங்கி வந்தார். இப்போது மஞ்சள் கல்லை மட்டும் கொண்டுபோய் யார் கையில் கொடுப்பார்? அந்தச் செங்கோல் முழுசாக இருந்தால்தான் ஸ்ட்ரக்கரிடம் போகும், வாண்டாவுக்குச் சக்தி வரும், அல்ட்ரான் வருவான், விஷன் பிறப்பான்.

வெளிக் கல் டெஸராக்ட் என்ற கனசதுரத்துக்குள் இருந்தது. யதார்த்தக் கல் இன்னும் மோசம், அது ஜேன் ஃபாஸ்டர் உடம்புக்குள் திரவமாக ஓடிக்கொண்டிருந்தது, ராக்கெட் கருவி வைத்து உறிஞ்சினான். திரும்பச் செலுத்தாவிட்டால் மாலகித்துக்கு ஜேன் தேவையே இல்லை. அதே ஆஸ்கார்டில் தோரின் சுத்தியலையும் திரும்ப வைத்தாக வேண்டும். இல்லையென்றால் கிரீனிச்சில் 2013 தோர் வெறுங்கையோடு நிற்பான். இது ஒன்று மட்டும் சுலபம், சுத்தியலைத் தூக்க ஸ்டீவால் முடியும்.

ஆகவே கிளையைச் சுத்தமாக வெட்டிவிட்டார் என்ற நம்பிக்கையை நாம் கைவிட வேண்டியதுதான். 2012 கிளையில் டெஸராக்டோடு லோகி ஓடிப்போனான். ஸ்டீவ் கையில் இருப்பது 1970இன் வெளிக் கல், அதை 1970இல்தான் வைக்க முடியும். அந்த லோகியின் கதை 2021இல் தொடராகவே வந்தது. அதிலும் காலக் காவலர்கள் கிளை பிரிந்தது என்று வந்து நிற்பது லோகி தப்பியதற்காக, கல் எடுத்ததற்காக இல்லை. கரிசல்காடு மே 4 அன்று கேட்ட கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கல்தான் கிளைக்குக் காரணம் என்ற விதியை மார்வெலே பிறகு கைவிட்டுவிட்டது.

ராத்திரிக்காட்சி, மே 9, இரவு 10.30

அந்த 2014 கிளைதான் என்னைத் தூங்க விடல. அங்க தானோஸ் இல்ல, கமோரா இல்ல, நெபுலா இல்ல. என்னதான் நடக்கும்?

நாலாம்வரிசை, மே 9, இரவு 11.25

ரொம்பப் பேர் அங்கே எல்லாரும் சுகமாக இருப்பார்கள், சொடக்கு இல்லையே என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் தானோஸுக்காகச் சக்திக் கல்லைத் தேடுகிற ரோனன் கப்பலில் வரவில்லை. தானோஸ் கூட்டம் கிளம்பும்போது ரோனன் வேறு இடத்தில் இருக்கிறான், நெபுலாவையும் கமோராவையும் அவன் கப்பலுக்கு அனுப்பவே திட்டம் இருந்தது. ஆகவே அந்தக் கிளையில் அவன் தலைக்கு மேல் யாரும் இல்லாத ரோனன் மிஞ்சுகிறான்.

மொராக்கில் க்வில் மயக்கம் தெளிந்து உருண்டையை எடுத்துக்கொண்டு ஸாண்டாருக்குப் போவான், ஸ்டீவ் கல்லை உருண்டைக்குள் சரியாக வைத்திருந்தால். ஸாண்டார் தெருவில் அவனைத் தாக்க கமோரா வரமாட்டாள். ராக்கெட்டும் க்ரூட்டும் மட்டும் பரிசுப் பணத்துக்காக அவனைத் துரத்துவார்கள். சிறைக்குப் போனாலும் அங்கே டிராக்ஸ் கோபப்படக் கமோரா இல்லை. உருண்டையைக் கலெக்டரிடம் விற்க வழி சொன்னவளும் அவள்தான். அவள் இல்லாமல் இந்த நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்வதற்கே காரணம் கிடையாது. ரோனன் கையில் சக்திக் கல் கிடைத்தால் ஸாண்டார் அழியும்.

தானோஸ் இல்லாத உலகம் தானோஸ் இருந்த உலகத்தைவிடச் சில கிரகங்களுக்கு மோசம். கல்லைத் திருப்பி வைக்கப் போன ஸ்டீவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, ராக்கெட்டுக்குத் தெரியும். கிளம்பும் முன் ராக்கெட் ஏன் எதுவும் சொல்லவில்லை என்பது இந்த இழையில் யாருமே கேட்காத நல்ல கேள்வி.

கடலைமிட்டாய், மே 10, காலை 8.00

கடைசியா ஒண்ணு. தானோஸ் கேடயத்தைப் பாதி உடைச்சுட்டான். கிழவர் ஸ்டீவ் சாமுக்குக் கொடுத்தது முழுக் கேடயம். எங்க கிடைச்சுது?

நாலாம்வரிசை, மே 10, காலை 8.50

கிளைக் கோட்டுக்கு இதுவும் சாட்சி. நம் கோட்டில் அந்தக் கேடயம் ஒன்றுதான், ஹோவர்ட் ஸ்டார்க் கையிலிருந்த வைப்ரேனியம் அவ்வளவுதான் என்று முதல் படத்திலேயே சொல்லிவிடுவார். அது ஸ்டீவோடு பனிக்கடியில் போய், 2011இல் அவரோடு வெளியே வந்தது. ஒரே கோட்டில் வாழ்ந்த கிழவருக்கு இன்னொன்று கிடைக்க வழியே இல்லை.

கிளையில் இரண்டு வழி. பனிக்கடி ஸ்டீவைத் தோண்டி எடுத்தபோது அவனோடு கிடந்ததை வாங்கியிருக்கலாம். ஆனால் அவனும் கேப்டன்தான், அவனுக்கும் அது வேண்டும், பிடுங்கிக்கொண்டு வரமாட்டார். அதனால் நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்: அந்தக் கோட்டில் வகாண்டாவுக்குப் போய், வாசலைத் தட்டி, கேட்டு வாங்கிச் செய்வித்தது. உலோகம் எந்த ஊரில் இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாத காலத்தில் அவருக்குத் தெரியும்.